நன்கொடை வாங்கும் இடங்கள்: கொடுக்கப் போகிறவர் பக்கமிருந்து ஒரு மதிப்புரை

ஓட்டல் சாம்பாரில் உப்புக் குறைந்தால் அன்றிரவே ஒரு நட்சத்திரத்தைக் குறைத்து எழுதிவிடுகிற நாம், நன்கொடை வாங்கும் இடங்களைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டிருக்கிறோம். தருமக் காரியத்தில் குற்றம் பார்க்கக் கூடாது என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. இதனால், ஏழைக் குழந்தைகளுக்கான மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ முதல்முறையாகப் பணம் கொடுக்க நினைக்கும் ஒருவருக்கு, எங்கே போவது, அங்கே எப்படி நடத்துவார்கள், கொடுத்த பணம் என்ன ஆகும் என்று சொல்ல ஆளில்லை. எங்கள் வீட்டில் மாமனாரின் நினைவுநாளையும் மகளின் பிறந்தநாளையும் ஒட்டி, சில ஆண்டுகளாகச் சென்னையில் பல இடங்களுக்குக் கொடுத்து வருகிறோம். அந்த அனுபவத்தைக் கொண்டு, நன்கொடை பெறுவதையும் ஒரு சேவையாகக் கருதி, அதன் தரத்தை இங்கே மதிப்பிடுகிறேன். குறை சொல்லும் இடங்களில் பெயர் குறிப்பிடவில்லை. கவுண்டரில் இருந்த ஒருவரின் மெத்தனத்துக்காக உள்ளே நடக்கும் நல்ல வைத்தியம் பழி சுமக்க வேண்டாம்.

வரவேற்பறையின் பளபளப்பு, சால்வை, ஆண்டு மலரில் பெயர் ஆகியவற்றுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. நாம் கொண்டுபோன பொருள் அங்கே தேவையில்லை என்றால் அதை நேராகச் சொல்லி, எது தேவை என்பதையும் விளக்கத் தெரிந்த இடமா என்பதையே பார்க்கிறேன். கேட்க எளிதாகத் தோன்றும். வீடு தேடி வந்த சீதேவியைக் காலால் உதைக்கக் கூடாது என்று, எதைக் கொடுத்தாலும் வாங்கி அடுக்கிக்கொள்ளும் நிறுவனங்களே அதிகம். கையிருப்பும் செலவும் விரல்நுனியில் இருக்கிற நிர்வாகத்துக்கு மட்டுமே ‘வேண்டாம்’ என்று சொல்லும் துணிவு வரும்.

முதலில் அரசு மருத்துவமனை. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குச் சென்னையிலிருந்து மட்டுமல்லாமல் வட மாவட்டங்களிலிருந்தும், நெல்லூர், சித்தூர் பக்கமிருந்தும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வைத்தியம் இலவசம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பும் இருக்கிறது. ஆனால் எந்தத் திட்டத்திலும் சேராத செலவுகள் சில உண்டு. குழந்தையின் படுக்கையருகே தாய் இருக்க, வெளியே எங்காவது துண்டை விரித்துப் படுக்கும் தகப்பனின் நாள்கூலி போகிறது. ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த மூத்த பிள்ளைக்குச் செலவுக்கு அனுப்ப வேண்டும். மறுபரிசோதனைக்கு வர மீண்டும் பஸ் டிக்கெட் எடுக்க வேண்டும். 2013இல் தொடங்கப்பட்ட அம்மா உணவகங்கள் அரசு மருத்துவமனை வளாகங்களிலும் இருப்பதால், ஒரு ரூபாய் இட்லியிலும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதத்திலும் வயிற்றுப் பாடு ஓரளவு நடந்துவிடுகிறது.

இங்கே கொடுக்க வருபவர்கள் பெரும்பாலும் உணவுப் பொட்டலத்தோடுதான் வருகிறார்கள். அமாவாசையன்றும் தலைவர்களின் பிறந்தநாளன்றும் நண்பகலில் அரசு மருத்துவமனை வாசல்களில் வேன் வேனாகச் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் வந்து இறங்கும். அதே நாள் இரவு எட்டு மணிக்கு, திண்டிவனத்திலிருந்து வந்து இறங்குகிற குடும்பத்துக்கு ஒன்றும் இராது. இதை மருத்துவமனையின் குறையாகச் சொல்ல முடியாது. கொடுப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாததால் வரும் குறை இது. உள்ளே போய் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கொடுப்பதில் சற்றுச் சிரமம் உண்டு. கடிதம் எழுதித் தர வேண்டும், காத்திருக்க வேண்டும். அந்தச் சிரமத்தைத் தவிர்க்கத்தான் பலர் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

நான் கண்டதிலேயே சிறந்த சேவை, தொண்டு நிறுவனம் நடத்தும் ஒரு மருத்துவமனையின் நன்கொடைக் கவுண்டரில் கிடைத்தது. அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தவர்கள், ஐ.டி. நிறுவன அடையாள அட்டையைக் கழற்ற மறந்து வந்திருந்த ஓர் இளம் தம்பதி. கையில் பெரிய பை நிறையக் கரடிப் பொம்மைகள். புற்றுநோய் வார்டில் இருக்கும் குழந்தைகளுக்குத் தங்கள் மகனின் முதல் பிறந்தநாளுக்காகக் கொண்டுவந்திருந்தார்கள். கவுண்டரில் இருந்த அம்மையார் ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “இது உள்ள போகாதும்மா. பஞ்சு பொம்மையில தூசி தங்கும், கழுவவும் முடியாது. கீமோ எடுக்கிற பிள்ளைங்களுக்கு இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்னு டாக்டர் விட மாட்டாங்க” என்றார். அந்தப் பெண்ணின் முகம் வாடியதைப் பார்த்து உடனே, “பிரிக்காத கலர் பென்சில் பாக்கெட், வரையற நோட்டு, கழுவித் துடைக்கிற பிளாஸ்டிக் சாமான் இருந்தா வாங்கிப்போம். இல்லைன்னா பஸ் சார்ஜுக்குக் கொடுங்க, அதுலதான் எங்களுக்கு எப்பவும் இழுபறி” என்று ஒரு தாளை நீட்டினார். அச்சிட்ட துண்டுத் தாளில், நோயாளிக் குடும்பத்தின் போக்குவரத்து, தங்குமிடம், சத்துணவு, காப்பீட்டில் அடங்காத மருந்து என்று தலைப்புகள் இருந்தன. எது இந்த மாதம் குறைவு என்று பேனாவால் சுழித்திருந்தது. தம்பதி பொம்மைப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, போக்குவரத்து நிதிக்குப் பணம் கட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பேனாச் சுழிப்புக்காகவே அந்த இடத்துக்கு முழு மதிப்பெண்ணும் கொடுப்பேன்.

பஸ் சார்ஜில் என்ன பெரிய தருமம் இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. குழந்தைகளுக்கு மிக அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கும். முதல் சில மாதங்கள் தீவிரமான மருந்துகள். அதன் பிறகு நோய் திரும்பாமல் இருக்க நீண்ட காலப் பராமரிப்புச் சிகிச்சை. இந்த இரண்டாம் கட்டத்தில் குழந்தை பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், முடி வளர்ந்துவிடும், பள்ளிக்குப் போகவும் தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் இருவர் கூலியை இழந்து, கடன் வாங்கி, இரவுப் பேருந்து ஏறிச் சென்னைக்கு வரத்தான் வேண்டுமா என்று குடும்பம் யோசிக்கத் தொடங்குவதும் அப்போதுதான். வசதியான நாடுகளில் இந்த நோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். ஏழை நாடுகளில் அந்த அளவை எட்ட முடியாமல் தடுக்கும் காரணங்களில் ஒன்று, பாதியில் சிகிச்சையை நிறுத்திவிடுவது. மருந்து அலமாரியில் இருந்தும் குழந்தை வந்து சேராமல் போவதைப் பயணப்படியும் இரண்டு இரவு தங்க ஒரு அறையும் தடுக்க முடியும் என்பதை மருத்துவச் சமூகப் பணியாளர்கள் நன்கறிவார்கள். நன்கொடை விளம்பரங்களில் இவர்கள் முகம் வருவதில்லை. சந்திக்க நேரம் கிடைத்தால், மருத்துவரை விட இவர்களிடம் பேசுவதே கொடுப்பவருக்குப் பயன்தரும்.

சென்னையில் இந்த மாதிரியான தொண்டு மருத்துவத்துக்கு நீண்ட வேர் உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது அங்கே இருந்தவை 12 படுக்கைகள். மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் மறையும் வரை அந்த வளாகத்தையே வீடாகக் கொண்டிருந்தார். டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் தொடங்கிய வி.எச்.எஸ். (வாலன்டரி ஹெல்த் சர்வீசஸ்), டாக்டர் பத்ரிநாத் 1978இல் தொடங்கிய சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனை, நுங்கம்பாக்கம் காஞ்சி காமகோடி குழந்தைகள் மருத்துவமனை என்று இந்த நகரில் அறக்கட்டளை மருத்துவமனைகளின் வரிசை பெரிது. இவற்றில் பலவற்றில், வசதியுள்ளவர் கட்டும் கட்டணம், அரசுக் காப்பீடு, பொதுமக்கள் நன்கொடை ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் இல்லாதவருக்கான சிகிச்சை நடக்கிறது. ஆகவே, ‘ஏழைக்கு மட்டும் என்று ஏன் தனி வார்டு இல்லை’ என்று கவுண்டரில் வாதிடுவதில் பொருளில்லை. இலவசப் படுக்கைகள் எத்தனை, சலுகை பெறத் தகுதியானவரை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்பதே சரியான கேள்வி.

பணம் தேவைப்படாத ஒரு கவுண்டரும் உண்டு. ரத்த வங்கியைச் சொல்கிறேன். கீமோ எடுக்கும் குழந்தைக்கு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) சரிந்துவிட்டால் உடனே ஏற்ற வேண்டும்; எடுத்த தட்டணுக்களை 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில் ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவியில் வைத்தாலும் 5 நாள்தான் தாங்கும். தீபாவளிக்கு முன் சேர்த்து வைத்துக்கொண்டு தீபாவளி வாரத்தை ஓட்ட முடியாது. கல்லூரி மாணவர்கள் ஊருக்குப் போய்விடும் மே மாதத்திலும், தொடர் விடுமுறைகளிலும் தட்டுப்பாடு வருவது இதனால்தான். தட்டணுக்களை மட்டும் இயந்திரம் மூலம் பிரித்தெடுத்துக்கொண்டு மீதி ரத்தத்தை நமக்கே திருப்பி ஏற்றும் முறையில் கொடுக்க, ஒரு மணி நேரத்துக்கு மேல் சாய்நாற்காலியில் கிடக்க வேண்டியிருக்கும். என் கணவர் இப்படிக் கொடுத்த இடத்தில், “தலைவர் பிறந்தநாளுக்கு நூறு பேரைக் கூட்டிட்டு வராதீங்க சார். பத்துப் பேர் நம்பர் கொடுங்க, நாங்க கூப்பிடுறப்ப ஒவ்வொருத்தரா வாங்க” என்றார் அங்கிருந்த தொழில்நுட்பர். ஒரே நாளில் குவியும் ரத்தத்தில் தட்டணு அந்த வாரத்திலேயே காலாவதியாகிவிடும். அவர் சொன்னதும் ஒரு வகையில் ‘வேண்டாம்’தான்.

இதற்கு நேரெதிரான அனுபவமும் உண்டு. குழந்தைகளின் அறுவைச் சிகிச்சைக்கு உதவுவதாகச் சொல்லும் ஓர் அறக்கட்டளைக்கு இணையம் வழியாகச் சிறு தொகை அனுப்பினோம். ரசீதுக்காகப் பல முறை அழைக்க வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் நம்மை அழைப்பதற்கு அளவே இல்லை. முதலில் அந்த நிறுவனத்திலிருந்து, பிறகு நாங்கள் கேள்விப்பட்டிராத வேறு பெயர்களிலிருந்தும் தொலைபேசி. ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு குழந்தை இன்று மாலைக்குள் அறுவைச் சிகிச்சைக்குப் போகக் காத்திருந்தது. எந்த மருத்துவமனை, காப்பீட்டு அட்டை இருக்கிறதா, மருத்துவமனைக் கணக்கிலேயே நேரடியாகக் கட்டலாமா என்று கேட்டால், அழைத்தவரிடம் பதில் இல்லை. எங்கள் எண் யார் யார் கைக்குப் போனதோ, அந்த அழைப்புகள் ஓய வெகுநாள் ஆயிற்று. இவர்கள் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. நன்கொடை திரட்டும் வேலையை இலக்கு வைத்த விற்பனைப் பிரிவாக நடத்துகிறவர்களிடம் தேவையைப் பற்றிய அறிவு இருக்காது என்பது மட்டும் தெளிவு. வந்த தொகையை வாங்குவார்கள். அடுத்த தொகையைக் கேட்பார்கள்.

வரிக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நன்கொடைக்கான வருமான வரிக் கழிவுக்குப் பதிவு (80ஜி என்று வழங்குவது) பெற்ற அறக்கட்டளைகளுக்குக் கொடுக்கும் தொகையில் பெரும்பாலும் பாதிக்கு, வருமானத்தில் ஒரு வரம்புக்கு உட்பட்டு, கழிவு கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. அரிசியாகவோ துணியாகவோ கொடுத்ததற்கு அறவே இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இல்லை. கவுண்டரில் தரும் ரசீது மட்டும் போதாது. நிதியாண்டு முடிந்தபின் மே 31க்குள் அந்த நிறுவனம் நன்கொடைச் சான்றிதழைத் (10பிஇ என்று வழங்குவது) தர வேண்டும். பான் எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கும் கவுண்டர், இந்தச் சான்றிதழைத் தவறாமல் அனுப்புகிறது என்பதை அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். பான் எண்ணைக் கேட்காமல் ரசீது கிழித்துத் தருபவர்களிடம் சற்று நிதானிப்பது நல்லது.

பள்ளிகளுக்கு வருவோம். இதில் தேவைகள் மாறிவிட்டன, கொடுப்பவர்கள் மாறவில்லை. பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம் 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தரத் தீர்மானித்தபோது, பசி ஒன்றே பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கி வைத்தது. காமராசர் காலத்தில் 1956இல் மதிய உணவு மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. அடுத்து வந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய், பள்ளிக்கு என்ன வேண்டும் என்ற பட்டியலை மேடையில் படிக்க, மக்கள் கரும்பலகையும் நாற்காலியும் சீருடையும் நிலமும் கொடுத்தார்கள். பட்டியல் முதலில், கொடை பிறகு என்ற வரிசையைத்தான் அந்த மாநாடுகளின் சிறப்பாக நான் கருதுகிறேன். 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் வந்துவிட்டன; காலை உணவு 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாவற்றையும் அரசே தருகிறது. ஆயினும் ஜூன் மாதம் பிறந்தால் குடியிருப்போர் சங்கங்களும் அரிமா சங்கங்களும் நோட்டுப் புத்தகக் கட்டுகளோடுதான் பள்ளி வாசலில் நிற்கின்றன.

வடசென்னையில் அரசு உதவிபெறும் ஒரு பள்ளிக்குக் குடிநீர் வசதி செய்து தரலாமா என்று கேட்கப் போனபோது, தலைமையாசிரியர் எங்களை மாடிப்படிக்குக் கீழே அழைத்துப்போய்க் காட்டினார். அங்கே மூன்று ஆர்.ஓ. இயந்திரங்கள் நின்றன; மூன்றிலும் உபயதாரர் பெயர் கொட்டை எழுத்தில். ஒன்றின் குழாயில் பிளாஸ்டிக் கயிறு கட்டியிருந்தது, ஒன்றின் மேல் பழைய வினாத்தாள் கட்டுகள். “மெஷின் நிறைய இருக்கு மேடம். ஃபில்டர் மாத்த வருஷா வருஷம் யார் தருவாங்கன்னுதான் தெரியல” என்றார். இயந்திரம் வேண்டாம், பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அதோடு, பெண் பிள்ளைகளின் கழிப்பறையைத் தினமும் கழுவ ஓர் ஆளுக்குச் சம்பளம் போதவில்லை என்றும் சொன்னார். இதற்குத் திறப்பு விழா வைக்க முடியாது. கல்வெட்டும் பதிக்க முடியாது. கழிப்பறை சுத்தமாக இல்லாத பள்ளியில் வளர்ந்த பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலேயே நாளை ஓட்டுவார்கள் என்பதால், ஆர்.ஓ. தண்ணீரை விடவும் அந்தச் சம்பளமே முதன்மையானது என்பது என் கருத்து.

அரசுப் பள்ளிகளுக்காக 2022 டிசம்பரில் முதலமைச்சர் தொடங்கி வைத்த ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தை, அந்தச் சீரமைப்பு மாநாட்டின் இணைய வடிவம் என்று சொல்லலாம். முன்னாள் மாணவரோ நிறுவனமோ தனியாளோ இணையதளத்தில் ஒரு பள்ளியைத் தேர்ந்து பங்களிக்க முடிகிறது. படித்த பள்ளியைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது வரும் மகிழ்ச்சி தனி. என் மதிப்பீட்டில் இதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பணம் யார் சட்டைப்பைக்கும் போகாமல் திட்டத்துக்கான கணக்கில் சேருவது பலம். திரையில் தெரியும் தேவை, வகுப்பறை, வண்ணம், சுற்றுச்சுவர் என்று தலைப்புகளுக்குள் அடங்கிவிடுவதால், மாடிப்படிக்குக் கீழே நிற்கும் மூன்று இயந்திரங்களைத் திரை காட்டாது என்பது பலவீனம். ஆகவே, பணத்தை இணையத்தில் கட்டுவதற்கு முன் ஒரு முறை பள்ளிக்கு நேரில் போய்த் தலைமையாசிரியரையோ பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரையோ பார்த்துப் பேசுவதே முறை. குழுவில் இருக்கும் தாய்மார்கள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார்கள்.

அறக்கட்டளைப் பள்ளிகளின் நிலை வேறு. கர்னல் ஆல்காட் 1894இல் தீண்டாமைக்கு ஆளான குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளி பெசன்ட் நகரில் இன்றும் இருக்கிறது. மூளை முடக்குவாதம் போன்ற குறைபாடுள்ள குழந்தைகளுக்காகக் கோட்டூர்புரத்தில் இயங்கும் வித்யா சாகர் 1985இல் தொடங்கியது. சிறப்புக் குழந்தைகளுக்கான எந்தப் பள்ளியிலும் செலவின் பெரும்பகுதி ஊழியர் சம்பளமாகத்தான் இருக்கும். ஒரு குழந்தை கரண்டியைப் பிடிக்கக் கற்பதற்கு மாதக்கணக்கில் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. ஆனால் கொடுப்பவர்களுக்குச் சக்கர நாற்காலி பிடிக்கும், வேன் பிடிக்கும், சம்பளம் பிடிக்காது. ‘நான் கொடுக்கிற பணத்தில் நிர்வாகச் செலவு கூடாது’ என்று காசோலையின் பின்னால் எழுதிக் கொடுப்பவரையும் பார்த்திருக்கிறேன். பெரிய வணிக நிறுவனங்கள் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்கும் சமூகப் பொறுப்பு நிதி, திட்டம், காலவரையறை, புகைப்படத்துடன் அறிக்கை என்று வருகிறது. தொடர் திட்டமென்றாலும் தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுகளுக்குள் முடிய வேண்டும் என்பது விதி. அதன் பிறகு அந்தப் பயிற்சியாளருக்கு யார் சம்பளம் தருவது? எந்த நிபந்தனையும் இல்லாமல் மாதம் ஐந்நூறோ ஆயிரமோ வங்கியிலிருந்து தானாகப் போகும்படி எழுதிக் கொடுக்கும் சாதாரண நன்கொடையாளர்களை நம்பித்தான் இப்படிப்பட்ட பள்ளிகள் மூச்சு விடுகின்றன. ‘எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள்’ என்ற கட்டத்தைப் படிவத்தில் முதலாவதாக வைத்திருக்கும் பள்ளி, தன் வேலையை அறிந்த பள்ளி.

குழந்தைகள் இல்லங்களில் ‘ஒரு வேளைச் சாப்பாடு’ என்பது சென்னையின் தனிப் பழக்கம். அலுவலக அறையில் நாட்காட்டி தொங்கும். காலை, மதியம், இரவு என்று கட்டம் கட்டி, விலையும் எழுதியிருக்கும். ஞாயிறும் ஆகஸ்ட் 15உம் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். நல்ல இல்லத்தில், “செவ்வாய்க்கிழமை காலியா இருக்கு, அன்னைக்குத் தாங்க; மெனு நாங்க போட்டுக்கிறோம், கேக் வேண்டாம்” என்று சொல்லிவிடுவார்கள். அவ்வளவு நல்லதல்லாத ஓர் இல்லத்தில், பள்ளிவிட்டுக் களைத்து வந்த பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, முன்பின் தெரியாத என் மகளுக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடச் சொன்னார்கள்; பாடி முடிக்கும் வரை யாரும் இலையைத் தொடவில்லை. புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே சொன்னார்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும், அந்தப் பிள்ளைகளின் வகுப்புத் தோழர் ஒருவர் அந்தப் படத்தைக் கைபேசியில் பார்த்தால் மறுநாள் பள்ளியில் என்ன நடக்கும் என்று யோசித்தாலே போதும். கொடுக்கப் போகிற இல்லம் அந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றதா என்று கேட்பதில் தவறில்லை. பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கும் இல்லங்களே பெரும்பாலும் கேமராவை உள்ளே விடாத இல்லங்களாகவும் இருக்கின்றன.

கூட்டு நிதி திரட்டும் கைபேசிச் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 16 கோடி ரூபாய் ஊசி தேவைப்பட்ட அரிய மரபணு நோய்க் குழந்தைகளுக்கு இந்த வழியில்தான் ஊர் கூடித் தேர் இழுத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் மூக்கில் குழாயோடு படுத்திருக்கும் குழந்தையின் முகத்தை, நாம் பாட்டுக் கேட்கும் காணொளிக்கு நடுவே விளம்பரமாகக் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. நான் பயன்படுத்திய ஒரு செயலியில், பணம் கட்டும் பக்கத்தில் செயலிக்கான ‘டிப்’ தானாகவே தேர்வாகி நின்றது. அதைப் பூச்சியமாக்கும் இடம் மிகச் சிறிய எழுத்தில் ஒளிந்திருந்தது. தனி நபருக்குத் திரட்டும் நிதிக்குப் பொதுவாக வரிக் கழிவும் கிடையாது. தெரிந்த குடும்பம் என்றால் கொடுக்கலாம். அப்போதும் மருத்துவமனையின் கணக்கில் நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு நேரடியாகக் கட்டுவதே மேல்.

எங்கள் வீட்டுப் பணத்தை இப்போது எப்படிப் பிரித்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பகுதி, பேனாவால் சுழித்துக் காட்டிய அந்த மருத்துவமனையின் போக்குவரத்து நிதிக்கு மாதாமாதம் போகிறது. பள்ளிக்கு ஆண்டுக்கொரு முறை பராமரிப்புத் தொகை. மகளின் பிறந்தநாளுக்கு இல்லத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாடு. நாங்கள் போவதில்லை, பணம் மட்டும் போகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் மார்ச் மாதக் கடைசி வாரத்தைத் தவிர்ப்பது நல்லது; வரிக்காகக் கொடுப்பவர்களின் கூட்டத்தில் எந்தக் கவுண்டரிலும் நின்று பேச நேரமிருக்காது. பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஜூன் மாதச் சேர்க்கை நெரிசல் அடங்கியபின், ஜூலையில், மாலை மணி அடித்தபிறகு போனால் தலைமையாசிரியர் மாடிப்படிக்குக் கீழேயும் அழைத்துப்போய்க் காட்டுவார்.